நீ திரும்பி வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், காசிம்

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட என் தம்பி காசிமுக்கு,

கதீஜா நேற்று இத்தா முடித்தாள். நீ போன நாளிலிருந்து நான்கு மாதம் பத்து நாள் அவள் வாசல் தாண்டவில்லை. நேற்றுக் காலை குளித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடித்தாள். உன் மனைவி நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. மெலிந்துவிட்டாள். அதுதான் உண்மை. இந்தக் கடிதத்தில் உண்மையைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு எழுதுவதை உன்னிடம் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மைசூரிலிருந்து மாதா மாதம் வருகிற ஒரு சின்னத் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அதன் பழைய இதழ்களைத் தைத்து அட்டை போட்டுக் கொடுப்பவன் நான். அந்த உரிமையில் கேட்டேன், போடுகிறோம் என்றார்கள். நாலு பேர் படிக்கட்டும். நாலு பேருக்குத் தெரிய வேண்டியதும்தான்.

ஊரில் உன்னைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. நீ திரும்பி வந்துவிட்டாயாம். வருஷக் கணக்கில் பள்ளிவாசல் பக்கமே போகாத பஸ் டிரைவர் காசிம், கடைசி மூச்சில் கலிமா சொல்லி மார்க்கத்துக்குத் திரும்பிவிட்டானாம். முதலில் ஒரு தடவை சொன்னாய் என்றார்கள். போன மாதம் அது மூன்று தடவை ஆயிற்று. இப்போது அழுதுகொண்டே சொன்னாயாம், முகத்தில் வெளிச்சம் வந்ததாம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவில், தொழவைக்கிற அஜ்ரத் உன் பெயரைச் சொல்லியே பயான் செய்தார். என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள். நான் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் காதில் கலிமாவை ஓதியவன் நான். உன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தவனும் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கேட்டார்கள்.

காசிம், நீ எந்த நாளில் மார்க்கத்தை விட்டுப் போனாய்? இன்றைக்கு வரைக்கும் அதை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நீ வரவில்லை. வண்டி லேட் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளியும் வரவில்லை. பெருநாளைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் வீட்டில் பிரியாணி சாப்பிட்டாய், தொழுகைக்கு மட்டும் வரவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. வேறு மதத்துக்குப் போகிறவர்களுக்காவது ஒரு நாள் இருக்கிறது, ஒரு பெயர் மாற்றம் இருக்கிறது. உனக்கு அதுவும் இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் உன்னைக் கடைக்கு வரச்சொல்லி நேராகவே கேட்டேன். எந்த நாளில் விட்டாய், சொல் என்றேன். நீ பசைக் கிண்ணத்தை நகர்த்திவிட்டுப் பலகையில் உட்கார்ந்தாய்.

"நான் எந்த நாள்ல சேர்ந்தேன்னு நீங்க சொல்லுங்கண்ணே. எந்த நாள்ல விட்டேன்னு நான் சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நம் அத்தாவின் பின்னாலேயே பள்ளிவாசலுக்கு நடந்தவன் நான். உனக்குக் குர்ஆனின் முதல் சூராவைச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதையெல்லாம் சொல்லிக் கத்தினேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கடைசியில் மெதுவாகச் சொன்னாய், தொழும்போது எதிரே யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை, பொய்யாக நிற்கப் பிடிக்கவில்லை என்று. அவ்வளவுதான் உன் காரணம். ஒரு மனிதன் பொய்யாக நிற்க மாட்டேன் என்றால் அவனை எந்த வாயால் திட்டுவது?

ஜமாஅத்தில் என்மேல்தான் பழி வந்தது. அண்ணன் கடையில் கண்ட புத்தகமும் கிடக்கிறது, அதைப் படித்துத்தான் தம்பி கெட்டான் என்றார்கள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடம் பார்க்காத நான், தைக்க வந்த புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவன். உனக்கு அந்தப் பொறுமை ஒரு நாளும் இருந்ததில்லை. பஸ் போர்டையும் மைல் கல்லையும் தவிர நீ எதைப் படித்தாய்? என் கடையிலிருந்த அத்தனை புத்தகத்தையும் படித்தவன் நான்தான். நான் எங்கேயும் போகவில்லையே.

உன்னைப் புரிந்துகொள்ள நான் என்ன பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியாது. தொழாதவன் முஸ்லிம் இல்லை என்றால் நம் ஜமாஅத்தில் பாதிப் பேர் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வருகிறவர்களை என்ன கணக்கில் சேர்ப்பது? குடிக்கிறவன் இருக்கிறான், அவன் செத்தால் மையித்துக்கும் நாங்கள்தான் தொழுகிறோம். நீ குடித்தது இல்லை. ஹோட்டலில் கறி சாப்பிட்டால் ஹலாலா என்று கேட்காமல் நீ வாயில் வைத்ததும் இல்லை. ஏன்டா என்றால், நாக்கு பழகிப்போச்சு என்றாய். இடித்துக்கொண்டால் யா அல்லாஹ் என்றாய். நான் முஸ்லிம் இல்லை என்று நீயே சொன்னது மட்டும்தான் உனக்கு எதிரான சாட்சி. அதைத் தவிர உன்மேல் வேறு குற்றம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சுதந்திரம் வந்து நாடு இரண்டான பிறகு நம் ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் குனிந்து நடந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் சீட்டுக் கிடைக்காத ஒருவர், எல்லார் எதிரிலும் உன்னைப் பார்த்து, உன் நாட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்டார். நான் உனக்குச் சாப்பாடு கொண்டு வந்து அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நீ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாய்: "அது என் ரூட்டு இல்லைங்க. என் வண்டி கொள்ளேகாலோட நின்னுடும்." வண்டி முழுக்கச் சிரித்தது. அந்த ஆளும் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார், நின்றுகொண்டே வந்தார்.

பிறகு நான் கேட்டேன், நான் அவங்க ஆள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உண்மையும் அதுதானே என்று. அடிக்க வருகிறவனிடம் போய் நான் அவர்களில் ஒருத்தன் இல்லை என்று சொல்வது கேவலம் என்றாய் நீ. உள்ளே இருக்கிறவர்களிடம் வெளியே போய்விட்டேன் என்கிறாய். வெளியே இருக்கிறவன் மிரட்டினால் உள்ளேயே நிற்கிறாய். இதில் நீ யார், காசிம்?

அதற்குப் பிறகுதான் அந்தக் குடிக்கணக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பின் முதல் தடவை எடுத்த ஜனத்தொகைக் கணக்கு. ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கன்னடக்காரர், பெரிய நோட்டோடு என் கடைக்கு வந்தார். நீ அன்று லீவில் இருந்தாய். பெயர், வயது, தாய்மொழி எல்லாம் எழுதிக்கொண்டு மதம் என்ன என்று உன்னைக் கேட்டார். "ஹாகே பிடி ஸ்வாமி" என்றாய், அப்படியே விட்டுவிடுங்கள் என்று. அவருக்கு விளங்கவில்லை. காலியாக விட முடியாதப்பா, எல்லாருக்கும் ஒன்று இருக்கும் என்றார். எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள் என்றாய் நீ. அவர் உன் பெயரை மறுபடி பார்த்தார். பேனா நின்றுபோயிற்று.

முஸ்லிம் என்று எழுதுங்கள் என்று நான் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். அவரும் நிம்மதியாக எழுதிக்கொண்டு போனார். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், சண்டை போடவில்லை. அண்ணன் பேசிவிட்டால் தம்பி மறுத்துப் பேசக் கூடாது என்று உன்னை வளர்த்தவனும் நான்தான். அதைச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். சர்க்கார் நோட்டில் நீ என்னவாக இருக்கிறாயோ, அது என் வாய் சொன்னது. உன் வாய் சொன்னது இல்லை.

இதையெல்லாம் மனசில் வைத்துத்தானோ என்னவோ, ஆஸ்பத்திரியில் இருக்கும்போது என் கையைப் பிடித்து ஒன்று கேட்டாய். மார்பு இரைத்துக்கொண்டே, விட்டுவிட்டுப் பேசினாய். எங்கே புதைத்தாலும் சரி, எரித்தாலும் சரி, உங்களுக்கு எது சுலபமோ அதைச் செய்யுங்கள் என்றாய். பிறகு சொன்னாய்:

"நான் திரும்பி வந்துட்டேன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாதுண்ணே. அதைப் பாத்துக்கங்க."

சரி என்றேன். என் வாயால் சொன்ன சரி. அதற்குப் பிறகு பதினோரு நாள்தான் இருந்தாய்.

இனிச் சொல்லப்போவதை நேற்று வரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் பகல். நான் உன் தலைமாட்டில். கதீஜா கால்மாட்டில். அஜ்ரத்தும் முத்தவல்லியும் கேள்விப்பட்டு வந்து அறைவாசலில் நின்றார்கள். முத்தவல்லியை உனக்குத் தெரியும், மரவாடிக்காரர், பள்ளிவாசல் நிர்வாகம் முழுக்க அவர் கையில். மூச்சுப் போகிறவனிடம் கலிமாவைச் சொல் என்று கேட்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவன்தான் அவன் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். நான் சொன்னேன். உனக்கு வேண்டாம் என்று தெரிந்தும் சொன்னேன். என் தம்பி போகும்போது என்னிடம் இருப்பதில் நல்லதைத்தானே நான் கொடுக்க முடியும்? வேறு என்ன இருக்கிறது என்னிடம்?

உன் உதடு அசைந்தது. வாசலில் இருந்தவர்களும் பார்த்தார்கள். நான் குனிந்து காதை வைத்தேன். "ஜன்னலத் திறங்கண்ணே" என்றாய். வேறு ஒரு வார்த்தை இல்லை. எழுந்து போய்த் திறந்தேன். கொக்கி துருப்பிடித்திருந்தது, கொஞ்சம் நேரம் பிடித்தது. திரும்பி வந்தபோது நீ இல்லை.

"கலிமா மொழிஞ்சாரா?" என்று முத்தவல்லி கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை, காசிம். சொன்னான் என்றும் சொல்லவில்லை, சொல்லவில்லை என்றும் சொல்லவில்லை. அழுதேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுதான் நான் செய்த தப்பு. அந்த அழுகையை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அஜ்ரத் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அதற்கு மேல் எல்லாம் தானாக நடந்தது. குளிப்பாட்டினோம், கபன் துணி போட்டோம், தொழுதோம். மையவாடியில் அத்தாவுக்குப் பக்கத்தில் உன்னை வைத்தோம். முதல் பிடி மண் நான்தான் போட்டேன். உன்னை அத்தா பக்கத்தில் வைக்கக் கிடைத்ததில் எனக்கு அன்று சந்தோஷம். ஆமாம், சந்தோஷம். நீ கேட்டாலும் இதை மறைக்க மாட்டேன்.

நாள் போகப் போகத்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. எதைச் சொல்லக் கூடாது என்றாயோ, அதையே கதையாகக் கட்டிவிட்டார்கள். பொறுக்க முடியாமல் முத்தவல்லியின் மரவாடிக்குப் போனேன். என் தம்பியைப் பற்றிப் பயானில் பேசவேண்டாம் என்று அஜ்ரத்திடம் சொல்லுங்கள் என்றேன். ஏன், நல்ல விஷயம்தானே என்றார். அது அப்படி நடக்கவில்லை என்றேன்.

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். ஆட்களைத் தள்ளிப்போகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர், அதைச் சொல்லிவிட வேண்டும்.

"அண்ணே, மொழியலைன்னு நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன். ஆனா உங்க தம்பி எப்பவோ மார்க்கத்த விட்டு வெளிய போயிட்டார்னா, அன்னைக்கே நிக்காஹ் அறுந்து போச்சு. அப்ப அந்தப் பொண்ணு இத்தனை வருஷம் யாரோட இருந்தா? இப்ப யாருக்கு இத்தா இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பிடிவாதக்காரன், யாருக்கும் வளைய மாட்டேன் என்று பெயர் எடுத்தவன் நான். ஒரு கேள்வியில் வாயை அடைத்துவிட்டார். மையவாடி மண்ணைத் தோண்டி உன்னை வெளியே எடுத்துவிடுவார்களோ என்றுகூடப் பயந்தேன். அப்படி யாரும் சொல்லவில்லை. பயம் தானாக வந்தது.

உனக்கு ஒரு சேதி. கொள்ளேகாலை மதராஸ் ராஜ்யத்திலிருந்து எடுத்து நம் மைசூரோடு சேர்க்கப் போகிறார்களாம். பேப்பரில் வந்துவிட்டது. இத்தனை காலம் நீ ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு வண்டி ஓட்டினாய், இனி அது ஒரே ராஜ்யம். அந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு வீடு, ஒரு தெரு நகரவில்லை. ஆனால் ஒரு நாள் குறித்துவிட்டார்கள், அந்த நாள் வரை அந்தப் பக்கம், அதற்குப் பிறகு இந்தப் பக்கம். ஊருக்கு அப்படி ஒரு நாள் குறிக்கலாம் போலிருக்கிறது. மனுஷனுக்கு யார் குறிப்பது? அவன் சொன்னால் போதாதா? அவன் சொன்னது போதாது, பெயர் இருக்கிறது, அத்தா இருக்கிறார், அண்ணன் இருக்கிறான், பெண்டாட்டி இருக்கிறாள் என்கிறார்கள். அது அத்தனையும் நிஜமும்தான். புத்தகத்திலும் தேடினேன், விடை கிடைக்கவில்லை.

இத்தா இருந்த நான்கு மாதமும் கதீஜா என் முன்னால் வரவில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சாமான் வேண்டுமா என்று கேட்பேன், அவள் அந்தப் பக்கம் இருந்து பதில் சொல்வாள். கதவைப் பார்த்துக்கொண்டு இந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேற்று மத்தியானம் பெண்கள் எல்லாம் போன பிறகு, சமையலறை வாசலில் அவளை எதிரே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ கடைசியாகக் கேட்டது, மரவாடியில் அவர் கேட்டது, எல்லாம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியும் பெரிய மச்சான். நானும் அங்கதானே இருந்தேன். மொழிஞ்ச மனுஷனுக்கு நீங்க ஏன் எழுந்து போய் ஜன்னலத் திறந்தீங்க?"

அப்புறம் அவள் சொன்னதைக் கேள். உனக்குத் தொழுகை விட்டுப்போன பிறகும், ஒவ்வொரு நோன்புக்கும் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு அவளை எழுப்பிவிட்டது நீதானாம். அவளுக்குத் தூக்கம் கலையாது என்று நீ எழுந்து அடுப்பு மூட்டி, அவள் சாப்பிடுகிறவரை எதிரே உட்கார்ந்திருப்பாயாம். நோன்பு அவளுக்கு, விழித்திருப்பது நீ. நோன்பே வைக்காத மனிதர் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், நீ பட்டினி கிடக்கக் கூடாதில்லையா என்பாயாம். இத்தனை வருஷத்தில் இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை.

நிக்காஹ் அறுந்ததா இல்லையா என்று அவர்களிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள் என்றாள். அவர் இல்லை என்று சொன்ன பிறகும் நான் அவர் மனைவியாகத்தான் இருந்தேன், அவருக்காகத்தான் இத்தா இருந்தேன், இதற்கு யாருடைய ஃபத்வாவும் எனக்கு வேண்டாம் என்றாள். அவர் திரும்பி வரவில்லை என்பதை எழுதுங்கள், அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான் என்றாள். அரிசியை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எழுதுகிறேன். காசிம் கலிமா சொல்லவில்லை. காசிம் தன் மனசறிந்து வெளியே போனவன், திரும்பி வரவில்லை. அவன் கூடப்பிறந்தவன், பக்கத்தில் இருந்து கேட்டவன், சாட்சி சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்கள், எனக்குத் தெரியாது. கதீஜாவைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். என்னைக் கிழவன் குழம்பிவிட்டான் என்பார்கள், பொய்யன் என்றும் சொல்லலாம், முதலில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றும் கேட்கலாம். அத்தா பக்கத்தில் எனக்கு இடம் மறுக்கலாம். எதையும் என்னால் தடுக்க முடியாது. நடந்துபோனதைத் திருப்ப முடியாது, உன்னை அங்கிருந்து எழுப்பிக் கேட்க முடியாது. நீ அந்த மண்ணில் இருக்க விரும்பினாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகத் துஆ கேட்கிறேன். நீ கேட்கச் சொல்லவில்லை. உனக்கு அங்கே யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றுகிறது, நான் கேட்கிறேன். அதை நிறுத்து என்று நீ சொன்னாலும் நிறுத்த மாட்டேன். ஆனால் நீ சொல்லாததை நீ சொன்னதாக அல்லாஹ்விடமும் சொல்ல மாட்டேன். அவன் முன்னால் நிற்கும்போது என் தம்பி இப்படித்தான் போனான், இவனை இப்படியே எடுத்துக்கொள் என்று கேட்பேன். முடியாது என்றால் அங்கேயே உட்கார்ந்துகொள்வேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நான் முதல் வரிசையில் இருப்பேன். அஜ்ரத் உன் கதையை எடுத்தால் எழுந்து நிற்பேன். முழங்கால் வலிக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். அது ஒன்றை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன்னைக் கேட்காமல் பேசியும், பேச வேண்டிய இடத்தில் பேசாமலும் இருந்துவிட்ட,
உன் மூத்தவன்,
இப்ராஹிம் அண்ணன்